ஆடியில் ஒரு மண்டபம் தாருங்கள்: கிருஷ்ணகிரி கல்யாண மண்டப உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிருஷ்ணகிரியிலும் சுற்று வட்டாரத்திலும் கல்யாண மண்டபம் நடத்தும் பெரியவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஆனி மாதத்து முகூர்த்தங்கள் முடியும் நேரம் இது. கடைசிக் கல்யாணத்துக்குக் கட்டிய வாழைமரத்தை அவிழ்த்து, சமையல்கூடத்தைக் கழுவிவிட்டு, கேட்டைப் பூட்டினால் ஆவணி பிறக்கும்வரை உங்கள் மண்டபத்தில் பெரிய வேலை இருக்காது. ஆடித் தள்ளுபடி என்று துணி விற்க வருகிறவர்கள் சில மண்டபங்களை எடுப்பார்கள். பைபாஸ் ஓரத்து மண்டபங்கள் ஒன்றிரண்டில் கம்பெனி மீட்டிங் நடக்கும். மற்றவை பூட்டித்தான் கிடக்கும். அந்த நாட்களில் ஒரு மண்டபத்தை எங்கள் புது நாடகத்துக்குத் தர வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

உங்களில் சிலரை ஏற்கெனவே நேரில் வந்து பார்த்தோம். உட்கார வைத்து, காபி கொடுத்து, பொறுமையாகத்தான் பேசினீர்கள். ஆனாலும் சரி என்று சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. சொன்ன தயக்கங்கள் எல்லோரிடமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அதனால் எங்கள் பதிலையும் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுவது நல்லது என்று எழுதுகிறோம்.

எங்களுடையது சின்னக் குழு. பகலில் வேலைக்குப் போய்விட்டு ராத்திரியில் ஒத்திகை பார்ப்பவர்கள். டெய்லர் இருக்கிறார், மினிபஸ் கண்டக்டர் இருக்கிறார், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், கல்லூரிப் பிள்ளைகள், புளி தட்டப் போகும் அக்காமார்கள். இதுவரை பள்ளிக்கூட மைதானத்திலும் கோயில் திடலிலும் தெருமுனையிலும்தான் போட்டோம். எல்லாம் அரைமணி நேர நாடகங்கள். இந்தத் தடவை முழு நாடகம் செய்கிறோம், ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு.

நாடகம் புளியைப் பற்றியது. வெளியூர்க்காரர்களுக்கு கிருஷ்ணகிரி என்றதும் மாம்பழம் ஞாபகம் வரும். நமக்குப் பழையபேட்டைப் புளி மண்டியும் சேர்ந்தே ஞாபகம் வரும். உங்கள் மண்டபத்துச் சமையலுக்கு வந்து இறங்கும் புளி எத்தனை கை தாண்டி வருகிறது என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. தை, மாசியில் மரத்தை உலுக்கிக் காய் எடுத்தால், சித்திரை வரைக்கும் சுற்றுப்பட்டு ஊர்களில் வீட்டுக்கு வீடு திண்ணையில் அதுதான் வேலை. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஓட்டை உடைப்பார்கள், நாரை உரிப்பார்கள், சின்னச் சுத்தியால் தட்டிக் கொட்டையைப் பிதுக்கி எடுப்பார்கள். கிலோ கணக்கில்தான் கூலி. கொட்டை தனியாக விலைக்குப் போகும். அரைத்து மாவாக்கி நூலுக்குக் கஞ்சி போட வாங்கிக்கொள்வார்கள். விரலில் ஒரு கீறல் இருந்தாலும் புளிப்பு ஏறி எரியும். சீசன் முடிந்த பிறகும் நகத்தின் கறுப்பு சீக்கிரத்தில் போகாது.

எங்கள் கதையில் வருகிற மாரக்காவுக்கு ரோட்டோரப் புளியமரங்கள்தான் வாழ்க்கை. வருஷா வருஷம் ஏலம் எடுக்கிறவர்களிடம் உலுக்கப் போவாள், பிறகு அந்தப் புளியையே கூலிக்குத் தட்டுவாள். நாற்கரச் சாலைக்காக அந்த மரங்களை வெட்டுகிறார்கள். சாலை வரக் கூடாது என்று நாடகம் சொல்லவில்லை. அந்தச் சாலையில் ஆம்புலன்ஸில் போய்ப் பிழைத்தவள் மாரக்காவின் சொந்த மகள். மரத்தை ஏலத்தில் எடுத்தவருக்கு நஷ்டக் கணக்கு உண்டு, நிலம் கொடுத்தவருக்கு இழப்பீடு உண்டு. உலுக்கியவளுக்கும் தட்டியவளுக்கும் எந்த ஏட்டில் கணக்கு இருக்கிறது என்பதுதான் நாடகம் கேட்கிற கேள்வி.

இதற்கு ஏன் மண்டபம் வேண்டும், திடலிலேயே போடலாமே என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. நாடகத்தின் முதல் பத்து நிமிஷத்தில் வசனமே கிடையாது. ஆறு பெண்கள் உட்கார்ந்து புளி தட்டுகிறார்கள், அவ்வளவுதான். இருட்டில் ஒரு சுத்தியின் சத்தம் முதலில் வரும். அப்புறம் இரண்டாவது. மூன்றாவது சுத்தி தாளத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடும். ஆறும் சேரும்போது அது பம்பைக்குச் சமமாக ஏறும். தராசோடு மண்டி ஆள் உள்ளே நுழைந்ததும் ஆறும் ஒரே அடியில் நிற்கும். அந்த நிசப்தத்தில்தான் மாரக்கா முதல் வார்த்தை பேசுவாள். ஒத்திகையில் இந்தத் தாளத்தை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் புளி தட்டும் அக்காமார்களே. நடிக்கத் தெரிந்த பிள்ளைகள் முதலில் வேகமாக அடித்தார்கள். "இப்படி அடிச்சா சாயங்காலம் வரைக்கும் கை தாங்காது" என்று சொல்லி, மணிக்கட்டை எப்படித் தளர்த்தி வைப்பது என்று ஒரு அக்கா காட்டினார். அதன் பிறகுதான் அந்தக் காட்சிக்கு உயிர் வந்தது.

திடலில் இந்தச் சத்தம் முதல் வரிசையைத் தாண்டாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். சுத்திச் சத்தம் எம்மாத்திரம்? அதோடு சென்னை, பெங்களூர், சேலம், புதுச்சேரி என்று நாலு பக்கத்துச் சாலையும் வந்து கூடுகிற ஊர் நம்முடையது. ராத்திரி முழுக்க லாரி ஹாரன் கேட்டுக்கொண்டே இருக்கும். மைக் வைத்தால் தீர்ந்துவிடும் என்பதும் இல்லை. மைக்கில் வருவது வேறு சத்தம். நாலு சுவரும் கூரையும் உள்ள ஓர் இடம் இந்த நாடகத்துக்குக் கட்டாயம் தேவை.

ஒத்திகைக்கும் இடமில்லாமல்தான் இருக்கிறோம். மாங்காய் மண்டி ஷெட் ஒன்றில், சீசன் இல்லாத மாதங்களில், அந்த உரிமையாளர் காசு வாங்காமல் இடம் கொடுத்திருந்தார். இப்போது கூழ் ஆலைகளுக்குப் பெங்களூரா ரக மாங்காய் லோடு போகிற காலம். ராத்திரி பகல் பார்க்காமல் அங்கே வண்டி வந்து நிற்கிறது. அவர் பிழைப்பை நிறுத்திவிட்டு எங்களுக்கு இடம் கொடுங்கள் என்று கேட்க முடியுமா? இப்போது ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் பார்க்கிறோம். அக்கம்பக்கத்தில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள், உடம்பு முடியாத பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று சுத்திக்குத் துணி சுற்றித் தட்டுகிறோம்.

இன்னொரு காரணம் இருக்கிறது. எனக்கு அதுதான் முதல் காரணம். உங்கள் மண்டபத்தில் மணமகள் அறை என்று ஒன்று இருக்கிறது.

உள்ளே தாழ்ப்பாள் போடலாம், ஆளுயரக் கண்ணாடி இருக்கும், கூடவே கழிப்பறை இருக்கும். உங்களுக்கு அது சாதாரணமாகத் தெரியலாம். திடலில் நாடகம் போடும்போது எங்கள் பெண்கள் எங்கே உடை மாற்றுகிறார்கள் தெரியுமா? டெம்போ வேனுக்குப் பின்னால், இரண்டு பேர் சேலையைப் பிடித்துக்கொள்ள, மூன்றாவது ஆள் அவசரமாக மாற்றுவார். மத்தியானத்திலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள், ஒதுங்க இடமில்லாததால். நன்றாக நடித்துக்கொண்டிருந்த கல்லூரிப் பெண் ஒருத்தியை அவள் அம்மா நிறுத்திவிட்டார். நாங்கள் வீட்டுக்குப் போய்ப் பேசினோம். அந்த அம்மாவுக்கு நாடகத்தின் மேல் கோபம் கிடையாது. "பொம்பளப் பிள்ளை துணி மாத்த ஒரு ரூம் இருக்கா, சொல்லுங்க" என்றுதான் கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

நம் பக்கத்துப் பாரதக் கூத்தில் பாஞ்சாலி, சுபத்திரை எல்லாம் ஆண்கள் கட்டும் வேஷம்தான். அந்தக் கலைஞர்களின் திறமைக்கு முன்னால் நாங்கள் சின்னவர்கள். கம்பெனி நாடகக் காலத்திலும் அப்படித்தான். நம்முடைய பழைய தகடூர் நாட்டு அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கிய அவ்வையாராக வேஷம் கட்டித்தான் டி.கே. சண்முகம் அவ்வை சண்முகம் ஆனார். அதே கம்பெனி நாடக உலகில் கும்பகோணத்து பாலாமணி அம்மாள் பெண்களையே வைத்து ஒரு நாடகக் கம்பெனி நடத்திப் பெரும் பேர் வாங்கியதும் உண்டு. பெண்களுக்கு ஆர்வமில்லை, திறமையில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. இடவசதிதான் கேள்வி. புளி தட்டும் பெண்ணின் கதையைப் புளி தட்டும் பெண்ணே வந்து நடிக்கிறார் என்றால், அவருக்குக் கதவு சாத்திக்கொள்ள ஓர் அறை கொடுக்க வேண்டாமா? இந்த ஊரில் அப்படிப்பட்ட அறைகள் இருக்கின்றன. அவற்றின் சாவி உங்களிடம் இருக்கிறது.

இனி, நீங்கள் சொன்ன தயக்கங்களுக்கு வருகிறேன்.

போலீஸ் அனுமதி பற்றிப் பலர் கேட்டீர்கள். நாடகத்தின் கதைவசனத்தை முன்கூட்டியே அதிகாரிகளிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்ற பயம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. 1954இல் வந்த நாடகச் சட்டம் அப்படித்தான் இருந்தது; வெள்ளைக்காரர்கள் 1876இல் கொண்டுவந்த சட்டத்தின் வழிவந்தது அது. பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி அதை எதிர்த்து வழக்குப் போட்டார். 2013 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் அரசியல் சாசனத்துக்கு விரோதமானவை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. 1876 சட்டத்தையும் பிறகு நாடாளுமன்றமே நீக்கிவிட்டது. ஆகவே வசனத்தைக் காட்டி முத்திரை வாங்கும் வேலை இப்போது இல்லை. இருந்தாலும் நாலு பேர் கூடுகிற நிகழ்ச்சி; காவல் நிலையத்துக்கு எழுத்தில் தகவல் கொடுத்து, அதன் நகலை உங்கள் கையில் தருவது எங்கள் பொறுப்பு. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதி உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு ஒலிபெருக்கியே வேண்டாம். ஒன்பது மணிக்குள் நாடகம் முடிந்துவிடும்.

நாடகம் என்றதும் ஆடல் பாடல் நிகழ்ச்சியை நினைத்துக்கொண்டு, குடித்துவிட்டு வந்து நாற்காலியை உடைப்பார்கள் என்று பயந்தவர்களும் உண்டு. வருகிறவர்கள் பெரும்பாலும் நடிகர்களின் குடும்பத்தார், அக்கம்பக்கத்துப் பெண்கள், ஆசிரியர்கள், மாணவர்கள். வாசலில் எங்கள் ஆட்கள் நிற்பார்கள். முன்பணமாக ஒரு தொகையை உங்களிடம் கட்டிவிடுகிறோம். ஏதாவது சேதமானால் அதில் கழித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தயக்கத்தைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். நாடகத்தில் ஒரு சாவு இருக்கிறது, ஒப்பாரி இருக்கிறது. மாரக்காவோடு கூட உட்கார்ந்து தட்டிய கிழவி ஒருத்தி செத்துப் போகிறாள். மற்றவர்கள் கையில் சுத்தியோடு ஒப்பாரி வைக்கிறார்கள். கதை சொன்னபோது ஒரு பெரியவர், "மணவறை போடுற இடத்துல ஒப்பாரி கேக்கக் கூடாதுங்க. நாளைக்கு அங்க தாலி கட்டணும்" என்றார். அவர் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் உங்கள் மண்டபத்தை நம்பித்தான் வருகிறார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பது உங்கள் தொழில், உங்கள் கடமையும்கூட.

அவருக்கு நான் மரியாதையோடு சொல்ல விரும்புவது இது. நம் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கிறது. அர்ச்சுனன் தபசுக்குக் கம்பம் ஏறுகிறார்கள். கடைசி நாள் படுகளத்தில் துரியோதனனை மண்ணால் ஆளை மீறிய உருவமாகப் படுக்க வைத்து, தொடையைப் பிளந்து, அவனுக்காக மாரடித்து அழுகிறார்கள். பட்டப்பகலில் ஊர் நடுவில் ஒரு சாவும் ஒரு பெரிய ஒப்பாரியும் நடக்கின்றன. முடிந்ததும் அந்த உருவத்து மண்ணை விளைச்சல் பெருகும், குடும்பம் தழைக்கும் என்று ஜனங்கள் போட்டி போட்டு எடுத்துப் போகிறார்கள். அதே ஊரில் அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணமும் நடக்கிறது. ஆடிக் காட்டுகிற சாவைப் பார்த்து நம் பாட்டன் பூட்டன் பயந்ததில்லை. அது ஊரைச் சுத்தம் செய்யும் என்றுதான் நம்பினார்கள்.

அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் அதற்கும் வழி வைத்திருக்கிறோம். மணவறை மேடை எங்களுக்கு வேண்டாம். அதன் திரையை இழுத்து மூடிவிடுங்கள். நாங்கள் நடுக்கூடத்தில், தரையில்தான் நடிக்கப் போகிறோம். மூன்று பக்கம் ஜனங்கள் உட்கார, நடுவில் நாடகம். புளி தட்டுகிற திண்ணையைச் சுற்றி ஊர்ப் பெண்கள் வந்து உட்காருவார்களே, அந்தத் தூரம்தான் இந்தக் கதைக்குச் சரியான தூரம். கடைசி நாள் நாடகம் முடிந்ததும் கூடத்தைக் கழுவி, உங்கள் குடும்பத்துப் பெரியவர்களை அழைத்து விளக்கேற்றி, தேங்காய் உடைத்துத்தான் சாவியைத் திருப்பித் தருவோம்.

ஆடியில்தான் வெள்ளை அடிப்போம், மராமத்து பார்ப்போம் என்றீர்கள். பாருங்கள். ஒத்திகை ராத்திரி ஏழு மணிக்கு மேல்தான். சாரம் கட்டியிருந்தால் ஒதுங்கிக்கொள்கிறோம், பெயிண்ட் வாடை எங்களுக்குப் பொருட்டில்லை.

எதிரொலியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். சுவரில் பாதிக்கு டைல்ஸ், தரை கிரானைட், கூரை உயரம் என்று கட்டிய மண்டபத்தில் பேச்சு தெளிவாகக் கேட்காது. ஆள் நிறைந்தால் கொஞ்சம் குறையும். மீதிக்கு, பக்கச் சுவர்களை ஒட்டிக் கயிறு கட்டி ஜமக்காளமும் பழைய போர்வைகளும் தொங்கவிடுவோம். ஆணி அடிக்க மாட்டோம், டேப் ஒட்டிப் பெயிண்டை உரிக்க மாட்டோம். தூணிலிருந்து தூணுக்குக் கட்டினால் போதும். விளக்குகள் எல்ஈடிதான், கல்யாண வீடியோவுக்குப் போடும் விளக்கு இழுக்கும் கரண்டில் பாதிகூட இழுக்காது. ஏசி வேண்டாம். ஜெனரேட்டர் வேண்டாம். கரண்ட் போனால் அரிக்கேன் வைத்து நடித்துவிடுவோம். நாடகத்திலேயே அரிக்கேன் வருகிறது.

பணத்தைப் பேசிவிடுவோம். முகூர்த்த நாள் வாடகையை எங்களால் கொடுக்க முடியாது. எங்கள் நாடகத்தின் மொத்தச் செலவும் அதை எட்டாது. ஆனால் இலவசமாகவும் கேட்கவில்லை. கரண்ட் பில், வாட்ச்மேன் சம்பளம், கூட்டிப் பெருக்கும் அம்மாவின் கூலி, தண்ணீர்ச் செலவு எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து, அதற்கு மேல் ஒரு தொகை சேர்த்துத் தருகிறோம். ரசீது போட்டால் வருகிற 18 சதவீத ஜிஎஸ்டியையும் நாங்களே கட்டுகிறோம். நாடகத்துக்கு டிக்கெட் இல்லை; முடிந்ததும் துண்டு ஏந்துவோம். வாட்ச்மேனும் பெருக்கும் அம்மாவும் ராத்திரி கூடுதல் நேரம் இருக்க வேண்டியிருந்தால் அவர்கள் கையில் தினமும் அன்றன்றே கொடுத்துவிடுவோம். யாருக்கும் கணக்கில்லாமல் போன உழைப்பைப் பற்றி நாடகம் போட்டுவிட்டு, அவர்களைக் காக்க வைக்க எங்களால் முடியாது.

எங்களுக்குத் தேவையான நாட்களையும் சொல்லிவிடுகிறேன். ஆடிப் பதினெட்டுக்கு ஜனங்கள் தென்பெண்ணைக்கும் ஒகேனக்கலுக்கும் போய்விடுவார்கள். ஆடி வெள்ளிகளில் அம்மன் கோயில்களில் கூட்டம். அதனால் பதினெட்டு கழிந்து, வெள்ளியில்லாத மூன்று மாலைகள் நாடகத்துக்கு. அதற்கு முன்னால் ஒரு வாரம் போல அதே இடத்தில் ஒத்திகை. அவ்வளவு போதும்.

இது ஒரு நாடகத்தோடு முடிகிற ஏற்பாடாக இருக்க வேண்டாம் என்பது என் ஆசை. ஆடி போல மார்கழியிலும் உங்கள் மண்டபங்கள் சும்மா இருக்கின்றன. ஒவ்வொரு வருஷமும் அந்த இரண்டு மாதங்களில், உங்களுக்குள் பேசி, ஆளுக்கு மூன்று நாள் என்று ஒதுக்கினால் போதும். எங்களுக்கு மட்டும் என்று கேட்கவில்லை. காவேரிப்பட்டணம், பர்கூர், ஊத்தங்கரைப் பக்கம் கூத்துக் கலைஞர்கள் இருக்கிறார்கள், பள்ளிக்கூடங்களில் நாடகம் சொல்லித் தரும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மழைக்கும் காற்றுக்கும் பயப்படாமல் அவர்களும் ஆடட்டும். நம் ஊர்களில் எத்தனையோ கொட்டகைகள் இடிந்துதான் மண்டபங்கள் வந்தன. உங்களில் சிலருடைய அப்பா, தாத்தாவே கொட்டகை நடத்தியவர்களாக இருக்கலாம். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், எந்த நாடகத்தை எத்தனை மைல் நடந்து போய்ப் பார்த்தோம் என்று சொல்வார்கள்.

மண்டபம் தர முடிந்தவர்கள் ஆடி முதல் தேதிக்குள் சொன்னால், நோட்டீஸ் அடிக்கக் கொடுத்துவிடுவோம். நீங்கள் கூப்பிட்டனுப்பினால் குழுவில் இரண்டு பேர் வந்து, நீங்கள் சொல்கிற நிபந்தனைகளை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம். மண்டபம் தர வசதிப்படாதவர்கள் நூறு நாற்காலியோ, நாலு ஜமக்காளமோ அந்த மூன்று நாளுக்கு இரவல் கொடுத்தாலும் பெரிய உதவி. நாற்காலிகளை ஏற்றி இறக்க மினிபஸ் அண்ணன் ஏற்கெனவே ஒரு வண்டி சொல்லி வைத்திருக்கிறார்.

அன்புடன்,
குழுவினர் எல்லோருக்காகவும், நாடகத்தை எழுதி இயக்குபவன்,
கிருஷ்ணகிரி